கையெழுத்து ஒருவருடையது, மரபணு பலருடையது

2009 ஜூலையில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், பத்து முதல் பதினான்கு வயது வரையிலான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் போட்டுப் பார்க்கும் திட்டம் தொடங்கியது. ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து அதை நடத்தியது. பிறகு குஜராத்தின் வதோதராவிலும் ஊசி போடப்பட்டது. 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியபோது ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. தடுப்பூசி நல்லது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒப்புதல் படிவங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்தபோது வேறு ஒன்று வெளியே வந்தது. ஆந்திரத்தில் பார்வையிட்ட 9,543 படிவங்களில் 1,948 கைநாட்டு. இன்னும் 2,763 படிவங்களில் பெற்றோர் கையெழுத்தே இல்லை. விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் தந்த அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்த ஒரு தாளின் மீதுதான் மருத்துவ ஆய்வின் அறமும் சட்டமும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. நாஜி மருத்துவர்களின் வழக்கில் 1947இல் வந்த நியூரம்பெர்க் விதிகள் பத்து. முதல் விதியே, ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் எதுவும் கூடாது என்பது. 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. அலபாமாவின் டஸ்கீகியில் சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் கைக்கு வந்த பிறகும் சிகிச்சை தராமல், 1932 முதல் 1972 வரை நோயின் போக்கை மட்டும் குறித்துவந்த கொடுமை வெளிப்பட்டபின் 1979இல் அமெரிக்காவில் பெல்மான்ட் அறிக்கை வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: ஒரு மருத்துவர், எதிரே ஒரு மனிதர், அவருடைய ஒரு உடல். அந்த உடலுக்கு அவரே அதிபதி. அவர் சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம்.

மருந்துச் சோதனைக்கு இது பெருமளவு போதும். மரபணு ஆய்வுக்குப் போதாது என்பதே என் கட்சி. என் மரபணுவில் பாதி என் பிள்ளையிடமும் பாதி என் உடன்பிறந்தவரிடமும் இருக்கிறது. என் சாதிசனத்திடமும் கொஞ்சம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் அவர்கள் வீட்டுக் கதவும் சேர்ந்தே திறக்கிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை.

முதலில் மருந்துச் சோதனையில் நம் நாடு வந்து சேர்ந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். இந்தூரைச் சேர்ந்த சுவஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கின் அழுத்தத்தில் 2013 முதல் விதிகள் ஒவ்வொன்றாக இறுகின. எளிதில் ஏமாற்றப்படக் கூடியவர்களிடம் புதிய மருந்தைச் சோதிக்கும்போது, ஒப்புதல் பெறுவதை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது 2015இல் வந்த விதி. 2019 மார்ச்சில் எல்லாம் ஒன்றுசேர்ந்து புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளாக வெளிவந்தன.

அந்த விதிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. சோதனையால் ஒருவர் இறந்தால் இழப்பீட்டுக்கு அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும், பிறகு நோயின் தீவிரத்துக்கான எண்ணால் பெருக்க வேண்டும், கடைசியில் 99.37ஆல் வகுக்க வேண்டும். வயது எண் 65 அல்லது அதற்கு மேல் என்றால் 99.37, பதினாறு அல்லது அதற்குக் கீழ் என்றால் 228.54. தீவிர எண், நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு 0.5, ஆரோக்கியமாக இருந்தவருக்கு 4. கணக்குப் போட்டால் முதிய நோயாளியின் உயிர் 4 லட்சம், ஆரோக்கியமான பிள்ளையின் உயிர் 73 லட்சத்துக்கு மேல். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறதுதான். ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு முன்பு குடும்பத்துக்குக் கிடைத்தது நிறுவனம் மனமிரங்கிக் கொடுத்தது மட்டுமே. கல்நெஞ்சக் கணக்கு, கணக்கே இல்லாததைவிட மேல்.

தமிழ்நாட்டில் நடந்து, இங்கே அதிகம் பேசப்படாத ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஒன்று தொடங்கியது. முறை மிக எளியது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவினால் மாறுபட்ட திசு வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 114 தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் பரிசோதனை. மற்ற 57 தொகுதிகள் ஒப்பீட்டுக்கு. ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த சுமார் 31,000 பெண்களுக்கு அந்தப் பரிசோதனை இல்லை, வழக்கமாக என்ன கிடைக்குமோ அதுதான். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைவு. ஒப்பீட்டுப் பிரிவில் 92 பெண்கள் இந்த நோயால் இறந்திருந்தார்கள்.

திண்டுக்கல்லோடு மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் நடந்த இதே வகை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பரிசோதனை தரப்படாத பெண்களில் குறைந்தது 254 பேர் இறந்தார்கள் என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014இல் எழுதினார். பயனுள்ளது என்று உலகம் பல காலமாக அறிந்த ஒன்றை ஏழைப் பெண்களுக்குத் தராமல் வைத்து ஒப்பிடுவது என்ன அறம் என்பது அவர் கேள்வி. ஆய்வு செய்தவர்கள் தரப்பின் பதிலும் வலுவானதே: அன்றைய இந்தியாவில் இப்படிப்பட்ட பரிசோதனைத் திட்டம் எந்த ஊரிலும் இல்லை; நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை; இந்த ஆய்வு இல்லாவிட்டால் அரசுகள் அசைந்தே இருக்காது. அது பொய்யல்ல. பின்னர் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, இந்தப் பரிசோதனையை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவ நான் விரும்பவில்லை. ஒப்பீட்டுப் பிரிவுக்கு ஆய்வின் நடுவிலாவது பரிசோதனையைத் தந்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது வேறு. ஒரு பெண் எந்தப் பிரிவில் விழுந்தாள் என்பதை அவள் முடிவு செய்யவில்லை. அவள் ஊர் முடிவு செய்தது. ஊரையே அலகாக வைக்கும் ஆய்வில், ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிவிட்டால் அறம் முடிந்ததா? மரபணு ஆய்வு இதே கேள்வியை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசுப்பாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. சுமார் 650 பேர். அவர்களுடைய சுப்பாய் கிராமத்துக்குச் சாலை கிடையாது. நடந்தோ, கோவேறு கழுதையிலோ, ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். சர்க்கரை நோய் அவர்களை வாட்டியது. 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து, நோய்க்கு மரபணுக் காரணம் உண்டா என்று பார்க்க இரத்தம் கேட்டார்கள். கொடுத்தார்கள். படிவத்தில் இருந்தது சர்க்கரை நோய் என்ற சொல் அல்ல. ‘நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்கள்’ என்று விரிந்த ஒரு தொடர். பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி.

2003இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் வாய்மொழித் தேர்வு நடந்தது. பார்வையாளர்களில் ஹவசுப்பாய் இளம்பெண் ஒருவரும் இருந்தார். திரையில் ஓடியது தம் மக்களின் இரத்தத்தைப் பற்றிய ஆய்வு என்று தெரிந்ததும் எழுந்து, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. அதே இரத்தத்தை மனச்சிதைவு நோயைப் பற்றிய ஆய்வுக்கும், உறவுக்குள் திருமணத்தின் அளவைப் பார்க்கவும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று கண்டறியவும் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் தாங்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை; ஆய்வு ஆசியாவிலிருந்து வந்தீர்கள் என்றது. நிலத்தின் மீதான உரிமையே அந்த நம்பிக்கையோடு பிணைந்தது. 2010 ஏப்ரலில் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த இரத்த மாதிரிகளைத் திருப்பித் தந்து சமரசம் செய்துகொண்டது. சமரசம் என்பதால் சட்டத்தில் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை.

இங்கே சட்டப்படி சொன்னால், கையெழுத்து இருந்தது. ஊறு யாருக்கு? இரத்தம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, கொடுக்காதவருக்கும்தான். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் இதைப் புரிந்துகொண்டு, 2017இல் தங்களிடம் ஆய்வுக்கு வருபவர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதிக் கொடுத்தார்கள்.

நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலைத் தொட்ட வழக்குகள் சிலவே. அவற்றில் இரண்டை என்னால் மறக்க முடிவதில்லை. ஐஸ்லாந்து 1998இல் ஒரு சட்டம் இயற்றி, நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் ஒரே தொகுப்பாக்கும் உரிமத்தை டீகோட் என்ற தனியார் நிறுவனத்துக்குத் தர முன்வந்தது. விலக விரும்புபவர் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். ஒரு மகள், இறந்துபோன தன் தகப்பனாரின் பதிவுகளைச் சேர்க்கக் கூடாது என்று கேட்டார். அரசு மறுத்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மகளின் பக்கம் நின்றது. தந்தையின் பிரதிநிதியாக அல்ல. தந்தையின் தகவலிலிருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும் என்பதால், அது அவளுடைய அந்தரங்கமும் ஆகும் என்று சொன்னது.

இரண்டாவது இங்கிலாந்து வழக்கு. ஒருவர் 2007இல் மனைவியைச் சுட்டுக் கொன்றார். மனநிலை பாதிப்பின் பேரில் மருத்துவமனையில் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது, 2009இல் அவருக்கு ஹண்டிங்டன் நோய் இருப்பது தெரிந்தது. மூளையைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும் நோய். பிள்ளைகளுக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. அப்போது மகள் கர்ப்பிணி. அவளிடம் சொல்லாதீர்கள், கருவைக் கலைத்துவிடுவாள் என்று தந்தை மறுத்தார். மருத்துவர்கள் நோயாளியின் ரகசியத்தைக் காத்தார்கள். குழந்தை பிறந்தபின், தற்செயலாக, விஷயம் மகளின் காதுக்கு வந்தது. சோதித்தபோது அவளுக்கும் அந்த மரபணு இருந்தது. 2020 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட நிலையில் உறவினரின் நலனையும் ரகசியத்தையும் எடைபோட வேண்டிய சட்டக் கடமை மருத்துவருக்கு உண்டு என்றது. ஆனால் இந்த வழக்கில் அந்தக் கடமை மீறப்படவில்லை என்று மகளின் கோரிக்கையைத் தள்ளியது. மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, சட்டத்துக்கு ஒரு படி கிடைத்தது.

நம் ஊரில் இந்த நோயாளி இருந்தால், மகள் கல்யாண வயதில் இருந்தால், மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை. நடப்பது தெரியும்: தகப்பன் மறைப்பார், சம்பந்தம் பேசி முடிப்பார்கள்.

உடலுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி இதைவிடப் புகழ்பெற்றது. ஆனால் இதைவிட எளிது. 1951இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸின் புற்றுக்கட்டியிலிருந்து, கேட்காமலே எடுத்த செல்கள்தான் இன்றும் உலக ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கும் ஹீலா செல்கள். ஜான் மூர் என்ற நோயாளியின் மண்ணீரல் செல்களுக்கு அவருடைய மருத்துவர் காப்புரிமை வாங்கினார். வெட்டி எடுத்த திசு நோயாளியின் சொத்தல்ல என்று 1990இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது, வியாபார நோக்கத்தை மறைத்தது மட்டும் தவறு என்றது. இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று 2013இல் மிரியட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே 2013இல்தான் ஹீலா செல்களின் முழு மரபணு வரைபடத்தை ஜெர்மனியில் சிலர் வெளியிட்டார்கள். லாக்ஸின் பேரப்பிள்ளைகள் கொதித்தார்கள். பாட்டி இறந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த வரைபடத்தில் இருந்தது அவர்களும்தான். அதன்பின் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், அந்தத் தரவை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தாரையும் சேர்த்தது.

தரவு என்று வந்துவிட்டால் உறவு இன்னும் நீள்கிறது. 2018 ஏப்ரலில் கலிபோர்னியாவின் தொடர்கொலையாளி ஒருவன், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய குற்றங்களுக்காகப் பிடிபட்டான். வம்சாவளி ஆர்வத்தில் அவனுடைய தூரத்து உறவினர்கள் ஓர் இணையதளத்தில் ஏற்றியிருந்த மரபணுத் தகவல்தான் காட்டிக் கொடுத்தது. கொலைகாரன் அகப்பட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் 2023இல் மரபணுச் சோதனை செய்து தரும் 23அண்ட்மீ நிறுவனத்தில் நடந்தது வேறு: திருடர்கள் நேரடியாக உடைத்தது சுமார் 14,000 கணக்குகளை, உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி வழியே கசிந்தது சுமார் 69 லட்சம் பேரின் தகவல். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டபோது, விற்பனைக்கு வந்த சொத்துகளில் மக்களின் மரபணுத் தகவலும் ஒன்று.

இதையெல்லாம் இந்தியாவில் வைத்துப் பார்த்தால் ஏன் கவலை கூடுகிறது என்றால், நாம் சாதிக்குள் மணம் முடிப்பவர்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் சொந்தத்துக்குள். ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் உள்ளிட்ட குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட குழுக்களில் சில அரிய நோய்கள் தங்கிவிடும்.

வைசியர்களிடையே ஒரு நொதிக் குறைபாடு காணப்படுகிறது. அறுவைக்கு முன் தரும் ஒரு தசை தளர்த்தி மருந்து மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும். இந்தக் குறைபாடு உள்ளவருக்கு மணிக்கணக்கில் தெளியாது, வென்டிலேட்டரில் வைக்க வேண்டும். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் மரபணுக் காரணத்தைத் தேடி எழுதியிருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டால் வேறு மருந்து கொடுத்து உயிரைக் காக்கலாம். இதே போல, எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருந்தால் இதயத் தசை பலவீனமாகும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று பெருந்துறை தண்டபாணி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2009இல் கண்டார்கள். தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது உண்டு. உயிர் காக்கும் அறிவு இது. அதே அறிவு, அந்தச் சாதியில் பெண் எடுக்காதே என்ற பேச்சாகவும், இந்தக் குழுவுக்குக் காப்பீட்டுத் தவணை அதிகம் என்ற விதியாகவும் மாற அதிக நேரம் ஆகாது.

காப்பீட்டில் அது நடந்தும் இருக்கிறது. இதயத் தசை தடிக்கும் நோயுள்ள ஒருவரின் மருத்துவச் செலவை, அது மரபணு நோய், பாலிசியில் விலக்கு இருக்கிறது என்று ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங், இவ்வளவு விரிந்த விலக்கு பாகுபாடு என்று சொன்னார். அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம், மரபணு நோயை விலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று நிறுவனங்களுக்கு எழுதியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆணையத்தின் கடிதம் சட்டமாகாது. அமெரிக்காவில் 2008 முதல் மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இருக்கிறது; அதிலும் ஆயுள் காப்பீடு அடங்கவில்லை. நம்மிடம் அதுகூட இல்லை. இத்தனைக்கும் எச்ஐவி உள்ளவர்களிடம் வேலையிலும் சிகிச்சையிலும் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017இல் இதே நாடாளுமன்றம் சட்டம் செய்திருக்கிறது. வழி தெரியாமல் இல்லை.

மரபணு இந்தியா திட்டத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நல்ல காரியம், ஐரோப்பியரின் மரபணுவை வைத்தே எழுதப்பட்ட மருத்துவம் நமக்குப் பாதிதான் பொருந்தும். ஆனால் அதற்கு வேலியாக நிற்கும் சட்டம் எது? 2019இல் கொண்டுவந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தகவல் தனிப் பாதுகாப்புக்குரியதாக இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. தொலைபேசி எண்ணும் மரபணுவும் ஒரே தட்டில். ஆய்வுக்கு விலக்கும் உண்டு. குழுவுக்கு ஏற்படும் ஊறைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் சமூகத்தோடு கலந்து பேசச் சொல்கின்றன. 2019 விதிகள் மருத்துவ ஆய்வு நெறிக்குழுக்களை அந்த நெறிமுறைகளைப் பின்பற்றச் சொல்கின்றன. ஆனால் பல குழுக்களில் சாமானியர் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தச் சமூகத்தின் சார்பாகவும் வருவதில்லை.

இன்னும் பிறக்காதவர்கள் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் சீனாவின் ஹெ ஜியான்குய், கருவிலேயே மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். பெற்றோரிடம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் இருந்த பெயர் ‘எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம்’. அவருக்கு மூன்றாண்டு சிறை. அந்தப் பெண்களின் பேரன் பேத்திகள்வரை போகப்போகும் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர்.

தனிமனித ஒப்புதலை நான் குறைத்துப் பேசவில்லை. கம்மத்தில் அதுகூட மீறப்பட்டது. அதன் மேல் இன்னொன்று வேண்டும் என்கிறேன். மரபணுப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும். ஒரு குழுவைப் பெயர் சொல்லி ஆய்வு செய்யும்போது, முடிவு வெளியாகும் முன் அந்தக் குழுவின் ஆட்களோடு பேசியே ஆக வேண்டும் என்பது நெறிமுறையில் இருந்து விதிக்கு நகர வேண்டும். நோய் தங்கள் பிள்ளைகளுக்கு வரலாம் என்று தெரியாமலே இருக்கும் உறவினருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று மருத்துவருக்கு வழிகாட்டும் சட்டமும் தேவை.

அதுவரை நாமே கேட்க வேண்டியவை சில. ஆய்வுக்கென்று இரத்தமோ உமிழ்நீரோ கேட்டால், இந்த மாதிரி வேறு எந்த ஆய்வுக்கெல்லாம் போகும், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், நடுவில் விலகினால் அழிப்பீர்களா, என் பிள்ளைகளுக்குப் பயன்படும் செய்தி எதுவும் தெரிந்தால் சொல்வீர்களா என்று கேளுங்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புதிய மருந்துச் சோதனை என்றால், கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு நகலை உங்களிடம் தர வேண்டும் என்று 2019 விதிகளில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.